எட்டு என்று சொன்ன நாக்கு

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்தார். எனக்கு முன்னாலேயே அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போல.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பிஸ்கட் ஃபேக்டரில."

"பேக்கிங்கா?"

"இல்ல டாக்டர். சாப்பிடுறது."

சிரிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக ருசி அறையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்து நம்பர் போடுகிறேன், ஒன்றிலிருந்து ஒன்பது வரை, இனிப்புக்குக் கூடாமல் குறையாமல் ஆறு வந்தால்தான் சரக்கு கேட்டைத் தாண்டும், மற்ற மூன்று பேர் என்ன போட்டாலும் கடைசி வார்த்தை என்னுடையது, அதனால் அங்கே எனக்குத் 'தலைநாக்கு' என்று பேர் – எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார். மனசுக்குள் கூட்டி, பாதியைச் சொன்னேன். அதற்கே அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி ஒன்று. ஜூன் வரை தவணை. அதற்குள் இறங்காவிட்டால் மாத்திரை. "மைதா, சீனி, பாக்கெட்டுல அடைச்சு வர்றது, எல்லாத்தையும் விடுங்க. காய், பழம், பயறு, முட்டை, தீட்டாத தானியம். தட்டைப் பாத்தா என்ன பொருள்னு கண்ணுக்குத் தெரியணும். தினம் நடங்க."

கண்ணுக்குத் தெரியணுமாம். எங்கள் தொழிலே கண்ணுக்குத் தெரியாமல் அரைத்து, உருட்டி, தட்டி, சுட்டு, பூப்படம் போட்ட பாக்கெட்டில் ஒளித்து வைப்பதுதானே.

மார்ச் 5, புதன்

கேரட் தின்றேன். சத்தம் மட்டும்தான் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

இன்று முதல்முறையாக ஒரு விதிக்குக் கட்டுப்பட்டேன். பெரிய ரகளை.

ருசி அறையில் ஆளுக்கு ஒரு தடுப்பு. பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. ஒரு டம்ளர் வெந்நீர். மூடி போட்ட ஒரு கப். கடி, மெல்லு, கப்பில் துப்பு, கொப்பளி, நம்பர் எழுது – சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கப்பில் ஒரு ஜீவன் துப்பிப் பார்த்ததில்லை. நல்ல பிஸ்கட்டை யார் துப்புவார்கள்? பக்கத்துத் தடுப்புக்காரி தன் கப்பில் ஹேர்பின் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குக் கிளி என்று பேர். என் நம்பர் என்னவென்று தெரியாமல் தன் நம்பரை எழுத மாட்டாள். நான் இருமினால் அவளுக்கும் தொண்டை கட்டும்.

இன்று நான் துப்பினேன். மூன்று தடுப்பிலிருந்தும் மூன்று தலை எட்டிப்பார்த்தது.

"அக்கா, கெட்டுப்போச்சா?" என்றாள் கிளி.

"இல்லடி. விதி."

"எந்த விதி?"

சுவரைக் காட்டினேன். பதினோரு வருஷமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மத்தியானத்துக்குள் செய்தி கிளம்பிவிட்டது. பேக்கிங் பிரிவைத் தாண்டும்போது தலைநாக்கு வாந்தி எடுத்திருந்தது. லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு, இந்த நாற்பத்தொன்பது வயதில், நாலாவது மாதம்.

மார்ச் 10, திங்கள்

கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. மேசைக்கு அடியில் தனியாக ஒரு தையல் மெஷின் ஓடுவதுபோல.

மாவு அண்ணனிடம் இன்று 'வேண்டாம்' என்று சொன்னேன். சீனி, மாவு, கொழுப்பு எல்லாம் அளந்து கலவைத் தொட்டியில் கொட்டுகிறவர் அவர்தான். தராசு இருக்கிறது, ஆனால் முதலில் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, கை சரியா என்று பார்க்கத்தான் தராசைத் தொடுவார். தராசு ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தினமும் காலையில் முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் ஒரு சூடான பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி, ருசி அறை ஜன்னல் வழியாக எனக்கு நீட்டுவார். கணக்கில் வராத பிஸ்கட். டாக்டரிடமும் அதைச் சொல்லவில்லை.

"வேணாம்ணே. டாக்டர்..."

"ஒண்ணுதானே தங்கச்சி?"

"இருபத்திரண்டு வருஷமா ஒண்ணுதாண்ணே."

காகிதத்தோடு போய்விட்டார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, மனசு சரியில்லை என்று.

மார்ச் 16, ஞாயிறு

ஒரே அலமாரியை இரண்டு தடவை துடைத்தேன். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, பிடிக்காமல், நிறவாரியாக மாற்றினேன். நடக்கப் போனேன். தெருமுனைவரை போய்த் திரும்பி, திரும்பியது பிடிக்காமல் மறுபடி போனேன். மூன்றாவது சுற்றில் இஸ்திரிக்கடைக்காரர், "எதாச்சும் தொலைஞ்சுடுச்சாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தரையைத் தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டே வந்தேன். சும்மா நடப்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

மாடி வீட்டில் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. சாயங்காலம் இறங்கிவந்து என் தட்டை எட்டிப்பார்த்தாள். முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், அவித்த முட்டை.

"இப்பதான் புத்தி வந்துச்சா அண்ணி? நான் சீனியைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. வீட்டுக்குள்ளயே விடுறதில்ல."

வீட்டுக்காரர் பயிற்சிப் பள்ளி வைத்துக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். எதையும் அந்த வழியில்தான் யோசிப்பார். "புதுசா ஓட்டும்போது கை நடுங்கத்தான் செய்யும். ஸ்டியரிங்கை விட்டுடாதே" என்றார். முட்டையை விழுங்கினேன். ஸ்டியரிங்கைத் தின்றிருந்தால்கூட இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

மார்ச் 26, புதன்

கேரட் இனிக்கிறது.

பொய் சொல்லவில்லை. கடித்துவிட்டு அப்படியே நின்றேன். பாலும் இனிக்கிறது, சும்மா காய்ச்சின பால். வெங்காயத்தை வதக்கினால் அதிலும் ஒரு தித்திப்பு. இத்தனை நாள் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது? வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "கேரட் மாதிரி இருக்கு" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைய சரக்கு எட்டு. நாக்கில் வைத்ததும் தெரிந்தது, அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கிளி என் பக்கம் கழுத்தை நீட்டினாள், எழுதினாள்: எட்டு. மற்ற இருவரும் எங்கள் இருவரையும் பார்த்து எட்டு. சரக்கை நிறுத்திவிட்டார்கள். துப்ப ஆரம்பித்ததிலிருந்து என் நாக்கு எவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிறது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மறுபடி எட்டு. மாவு அண்ணன் ருசி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதி கிடையாது. "நல்லா பாத்தியா தங்கச்சி?" என்றார். "நான் பாக்காம யாருண்ணே பாக்குறது?" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது எட்டு. எங்கள் அறைக்கு அதிகாரி கண்ணாடி மேடம் – மூக்கில் ஒன்று, தலைமேல் ஒன்று, கழுத்துக் கயிற்றில் ஒன்று – மாதிரியை வெளியே சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை மாவு அண்ணன் கலவையில் நிற்கக் கூடாது, நாளையிலிருந்து லாரியில் பெட்டி ஏற்ற வேண்டியது. அவர் வயசு ஐம்பத்தாறு.

மத்தியானம் கேன்டீனில் எல்லாரும் கேட்டார்கள், ஏன் அவர் கை தப்புகிறது என்று. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவர் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதை எடுத்துவிட்டேன். மனக்கவலையில் சீனி எத்தனை தடவை போட்டோம் என்று மறந்திருப்பார் என்று முடித்தும் கொடுத்தேன். எல்லாரும் 'அதானே' என்றார்கள். கதை நன்றாகப் பொருந்தியது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, திரும்ப உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஓட்ஸ் தீர்ந்துபோயிற்று என்று மாடிக்குப் போனேன். நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். "டப்பால இருக்கு அண்ணி, எடுத்துக்கங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். ஓட்ஸ் டப்பாவை நகர்த்தினேன். பின்னால் எங்கள் பாக்கெட். ஒன்றல்ல, நான்கு. ஒன்று பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு மடித்திருந்தது. மூன்று வருஷமாகச் சீனியைத் தொடாத வீடு. மனசுக்குள் எவ்வளவு சந்தோஷம் – இதை எத்தனை நாளைக்கு வைத்து ஓட்டலாம், யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று பட்டியலே போட்டுவிட்டேன்.

பாக்கெட்டைத் திருப்பினேன், தொழில் புத்தி. ஜனவரி தேதி. ஜனவரியில் ஒரு சரக்குகூட நிற்கவில்லை. அத்தனைக்கும் நான்தான் ஆறு போட்டேன்.

ஒரு துண்டு கடித்தேன்.

எட்டு.

இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தேன். அதுவும் ஜனவரி. எட்டு.

நாத்தனார் தலையில் துண்டோடு வந்து நின்றாள். பிரித்த பாக்கெட், கையில் பிஸ்கட், வாயில் பிஸ்கட். அவள் முகம் வெளுத்ததைவிட என் முகம் அதிகமாக வெளுத்திருக்க வேண்டும். "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"நீயும் சொல்லாதே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

சரக்கு மாறவில்லை. மாவு அண்ணன் கை மாறவில்லை. ஒரு மாதம் காயும் பயறுமாகத் தின்று என் நாக்குதான் மாறிவிட்டது. அளவுகோல் சுருங்கிப்போனது தெரியாமல் துணி நீளமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லவில்லை.

பேருந்தில் வாக்கியம் எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். கண்ணாடி மேடம் மூன்று கண்ணாடியோடு நிமிர்ந்து பார்த்ததும், "இன்னைக்கு வெந்நீர் ஆறியிருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? நாக்கு போச்சு என்றால் நாற்காலி போச்சு. நாற்காலி போனால் நான் யார்? எனக்கு வேறென்ன தெரியும்? படித்த படிப்பு மறந்துபோயிற்று. நாக்கு ஒன்றுதான் சொத்து. அதிலும் பாதியை வம்புக்குச் செலவழித்தாயிற்று.

இன்றைய சரக்குக்கு நாக்கு எட்டு என்றது. கை ஆறு என்று எழுதியது. கிளி ஆறு. மாவு அண்ணன் போனதும் சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் என்னால்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாக்கைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று முயற்சி செய்தேன். காலையில் டீயில் நாலு கரண்டி. ருசி அறையில் துப்பவில்லை. கேக் இரண்டு துண்டு. மத்தியானத்துக்கு மேல் தலைபாரம், கண்ணைச் சுற்றிக்கொண்டு வந்தது, நெஞ்சு படபடவென்று. நாக்கு அதே எட்டில் நிற்கிறது. கெட்டது கெட்டதுதான், அல்லது தேறினது தேறினதுதான். எதைச் சொல்வது என்றே தெரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாவு அண்ணன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, நடுவில் நின்று, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் டாய்லெட் போகிற சாக்கில் மூன்று தடவை நடந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டார். அதுவே அதிசயம்.

"வெளிய அனுப்புன பிஸ்கட்டோட ரிசல்ட் வந்துடும்ல? அதுல சரியா இருந்தா அவரை எடுத்துக்குவாங்க. நீ எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

"அதைத்தாங்க நானும் நாலு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"நினைச்சா சோறு இறங்கல."

நான் நறுக்கிக்கொண்டிருந்த காயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "லைசென்ஸ் டெஸ்ட்ல பையனோ பொண்ணோ தூணை இடிச்சுட்டா, அதுவா இறங்கிவந்து 'நான்தான் சார்'னு சொல்றவங்களுக்கு மறுபடியும் சொல்லித் தர எனக்குப் பிடிக்கும்" என்றார். "தூண் நகர்ந்துடுச்சுன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி."

நான் தூணையே லாரியில் பெட்டி ஏற்ற அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அன்று மாடியிலிருந்து எடுத்துவந்த ஜனவரிப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடி மேடம் மேசையில் வைத்தேன். ஒரே மூச்சில், கேரட் இனித்ததிலிருந்து ஆரம்பித்து, திங்கட்கிழமை பொய்யாக எழுதின ஆறு வரை. நாத்தனார் பேரை மட்டும் சொல்லவில்லை, 'ஒரு வீட்டில் கிடைத்தது' என்றேன். எனக்கும் நாகரிகம் உண்டு.

மேடம் திட்டவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைத் தடுப்புக்குள் உட்கார வைத்தார். மூன்று கப் தண்ணீர். இரண்டில் ஒரே அளவு சீனி, ஒன்றில் ஒரு துளி வித்தியாசம். எது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டும் சரியாகச் சொன்னேன். கடைசிச் சுற்றில் கலந்த அவருக்கே சந்தேகம் வந்து சீட்டைப் பார்த்தார்.

"உங்க நாக்கு கெடல. முன்னைவிடக் கூர்மையாதான் இருக்கு," என்றார். "ஆனா நம்ம பிஸ்கட் வாங்குறவங்க நாக்கு இது இல்லையே."

மூன்று சரக்கும் கிடங்கில் கிடக்கிறது. அதற்கு மேலிடத்திலிருந்து கேள்வி வரும், நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன் என்றேன். வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த கொய்யாவைத் தின்றேன். கொய்யா எட்டு.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாற்காலி போயிற்று. இனி மூலப்பொருள் கொட்டகை. வருகிற வேர்க்கடலை, முழுக் கோதுமை, உலர்ந்த திராட்சை, எள் – மூட்டைக்கு மூட்டை கடித்துப் பார்த்து, காறல் வாசம் இருக்கிறதா, கசப்பு ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். தலைநாக்கு இடத்தில் கிளி. பார்த்து எழுத யாரும் இல்லாததால் எல்லாவற்றுக்கும் ஆறு போடுகிறாளாம். சரக்கும் ஆறாகவே இருப்பதால் நல்ல பேர் வாங்கிவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

மாவு அண்ணன் கலவைக்குத் திரும்பிவிட்டார். போய் நின்றேன். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன், கேன்டீனில் அவர் மருமகளைப் பற்றிப் பேசினதையும் சொன்னேன். யாராவது சொல்வதற்குள் நானே சொல்வது நல்லது. அவர் தொட்டி ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெட்டி தூக்குனது பரவாயில்ல தங்கச்சி. மருமக விஷயம் ஊருக்கே தெரியும். இத்தனை நாளும் கனவுலகூடச் சீனி அளந்துகிட்டிருந்தேன். என் கை தப்பிடுச்சோன்னு. நீ சொன்னா தப்பிருக்காதே. அதான் ஆறல."

அங்கே கிடந்த இன்னொரு துணியை எடுத்து, தொட்டியின் மறு ஓரத்தைத் துடைத்தேன்.

இப்போது தராசில் போட்டுவிட்டுத்தான் கொட்டுகிறார்.

மே 6, செவ்வாய்

கொட்டகைக்கும் கேட்டுக்கும் நடுவில் அறுநூறு அடி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. நடக்கப் போகிறேன் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிக்கடைக்காரர்தான் கேட்கிறார், தொலைந்தது கிடைத்துவிட்டதா என்று.

மே 19, திங்கள்

இருபது மூட்டை கடலையில் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். பிரித்தார்கள். அடியில் பூஞ்சை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் பீற்றவில்லை. (கிளியிடம் மட்டும். அது கணக்கில்லை.)

மாவு அண்ணன் எதிரில் வந்தார். மூட்டையைப் பார்த்தார். போய்விட்டார். என் முகத்தைப் பார்க்காமல் அவர் போகிற நாளில் முழுக்கக் கால் ஆடுகிறது.

ஜூன் 4, புதன்

ஆறு புள்ளி நான்கு. டாக்டர் இந்த முறை என்னைப் பார்த்தார். "மாத்திரை இப்ப வேணாம். விட்டுடாதீங்க" என்றார். வேலையை மாத்தினீங்களா என்று கேட்டார். நாக்கை மாத்தினேன், வேலை தானாக மாறிவிட்டது என்றேன். சிரித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து.

நாத்தனாருக்கு ஓட்ஸ் திருப்பிக் கொடுத்தேன். டப்பாவுக்குப் பின்னால் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கொட்டகை ஜன்னலில் நிழல் விழுந்தது. மாவு அண்ணன். கையில் காகிதப் பொட்டலம், பழைய மாதிரியே மடித்து. பிஸ்கட்டாக இருந்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, இந்தத் தடவை?

பிரித்தார். நறுக்கின வெள்ளரிக்காய்.

"எனக்கும் சர்க்கரையாம் தங்கச்சி. டாக்டர் இதைத் திங்கச் சொல்லியிருக்கார். வாய்ல வெச்சா ஒரு மாதிரி இருக்கு. காய் அப்படியா, என் வாய் அப்படியான்னு தெரியல." ஒரு துண்டை ஜன்னல் வழியாக நீட்டினார். "நீ பாரு."

வாங்கிக் கடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்தாண்ணே. காம்புப் பக்கம் கசப்பு ஏறியிருக்கு. உங்க வாய் சரியாதான் இருக்கு."

"அப்படியா" என்றார். காம்புத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தின்ன ஆரம்பித்தார்.

கொட்டகையில் கப் கிடையாது. இருந்திருந்தாலும் துப்பியிருக்க மாட்டேன்.